கண்ணு சொல்றதா, கணக்கு சொல்றதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு விஷயம் கேட்டிருந்தோம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர் அலசிச் சொல்ற காலத்துல மனுஷன் தானே கவனிச்சு தானே யோசிக்கிறதுக்கு என்ன மதிப்பு, உங்க மனசுல இருக்கிறதை எழுதி அனுப்புங்கன்னு. ரங்கூன், மோல்மேன், பெகு, தாட்டோன், மாந்தலேன்னு எல்லா ஊர்லேருந்தும் கடிதம் வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததைச் சேத்து, முக்கியமானதுக்கு மட்டும் இங்க பதில் எழுதறேன்.

கேள்வி: நான் முப்பது வருஷத்துக்கு மேல பயறு தரகு பண்றேன். மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளினாலே உளுந்து புதுசா பழசா, எப்படிக் காய வச்சாங்கன்னு சொல்லிடுவேன். என் மகன் பழைய விலையெல்லாம் லேப்டாப்புல ஏத்தி வச்சுக்கிட்டு "அப்பா, உங்க கையளவு கண்ணளவு காலமெல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே டேட்டா சொல்றதைக் கேளுங்க"ங்கறான். யாரு சொல்றது சரி? (ரங்கூன்)

ஐயா, நீங்க ஒரு கேள்வியா எழுதியிருந்தாலும் உள்ள ரெண்டு கேள்வி இருக்கு, சரக்கோட தரம் ஒண்ணு, நாளைக்கு விலை என்னாகும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் வீட்டுல சண்டை வருதுன்னு நினைக்கிறேன்.

தரத்தை முதல்ல பாப்போம். பயின்னாவுங் மார்க்கெட்ல உங்களை மாதிரி பெரியவங்க சரக்கு பாக்கறதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். மூட்டை வாயில மேலாப்புல கெடக்கிறதை தொடவே மாட்டாங்க, கூரான குழாயை அடிப்பக்கம் குத்தி எடுத்து உள்ளங்கையில கொட்டி, கட்டை விரலால ஒரு தேய்ப்பு தேய்ச்சு, தூசி எவ்வளவு ஒட்டுதுன்னு பாத்து, ரெண்டு மணியை வாயில போட்டு கடிப்பாங்க, நறுக்குன்னு உடைஞ்சா காய்ஞ்ச சரக்கு, நசுங்கிச்சுன்னா ஈரம். அப்புறம் மோந்து பாப்பாங்க. இதுல பாதி வேலைக்கு இன்னிக்கு மெஷின் வந்தாச்சு, ஈரப்பதம் பாக்கிற மீட்டர் இருக்கு, கலர் சார்ட்டர்னு ஒண்ணு கேமரா வச்சு ஒவ்வொரு மணியா பாத்து நிறம் கெட்டதைக் காத்தால ஊதித் தள்ளிடுது. அந்த வேலையில மனுஷக் கண்ணு அது கூட போட்டி போட முடியாது, நாலு மூட்டை பாத்ததும் நம்ம கண்ணு அசந்து போகும், அதுக்கு அசதியே கிடையாது. இதை ஒத்துக்கிறதுல ஒரு குறைச்சலும் இல்ல ஐயா.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஒரு பெரியவர் உளுந்தைக் கையில கூட எடுக்கல, மூட்டையைப் பாத்துட்டே "இது வேணாம்"னுட்டார், ஏன்னு கேட்டா, சாக்கு பழசா இருக்கு, வாய் தச்ச நூல் மட்டும் புதுசா இருக்கு, பிரிச்சு எதையோ கலந்து திருப்பித் தச்சிருக்காங்கன்னார். மீட்டர்ல நூலுக்கு ஒரு இடம் கிடையாது. யாரும் அதை டேட்டான்னு நினைச்சு எழுதி வச்சது கிடையாது, அதனால எந்த மெஷினும் அதைப் பாக்காது. கம்ப்யூட்டர் நாம கேட்ட கேள்விக்கு நம்மளை விட நல்லா பதில் சொல்லும், கேக்காம விட்ட கேள்வியைப் பாக்கிற வேலை இன்னும் உங்க கிட்டதான் இருக்கு. இந்த ஒரு விஷயத்தை உங்க மகனுக்கு எப்படியாவது காமிச்சுக் குடுத்துடுங்க, ஏன்னா இதை எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க.

இப்ப விலைக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் உங்களுக்கு மறந்திருக்காது. இந்தியா திடீர்னு துவரைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேத்து 3 லட்சம் டன், அதுக்கு மேல இறக்குமதி கூடாதுன்னு அறிவிச்சுது, இங்க விலை சரிஞ்சு குடோன் குடோனா சரக்கு தேங்கிப் போச்சு. அதுக்கு முந்தின பத்து வருஷ விலையை மட்டும் வச்சு ஒரு புரோகிராம் அடுத்த மாசத்து விலையைக் கணிச்சிருந்தா அது என்ன சொல்லியிருக்கும்? பழைய மாதிரியேதான் சொல்லியிருக்கும், ஏன்னா டெல்லியில போடப் போற ஒரு கையெழுத்து ரங்கூன் விலைப்பட்டியல்ல இருக்காது. ஆனா 2016-17ல இந்தியாவுல பயறு விளைச்சல் அதுவரைக்கும் இல்லாத அளவுக்கு 2.3 கோடி டன் வந்துச்சு, முந்தின வருஷம் 1.6 கோடி டன்தான், அங்க விவசாயிங்க ஆதரவு விலை கூட கிடைக்கலன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க, இதைப் படிச்சுக்கிட்டு இருந்த ஒரு ஆளுக்கு "இவ்வளவு விளைஞ்சா வெளிச்சரக்கை எத்தனை நாளைக்கு உள்ள விடுவாங்க"ங்கற சந்தேகம் வந்திருக்க முடியும். தேதியும் டன்னும் யாருக்கும் தெரிஞ்சிருக்காதுதான். ஆனா சந்தேகம் வந்தவன் கடன் வாங்கி சரக்கு அடுக்கியிருக்க மாட்டான். அப்புறம் 2021ல இங்கேருந்து வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் எடுத்துக்கிறதா இந்தியா ஒப்பந்தம் போட்டுச்சு, அதுவும் விலைப்பட்டியலுக்கு வெளியில நடந்ததுதான்.

சரி, அப்ப அப்பா ஜெயிச்சாரு மகன் தோத்தான்னு இதை வெட்டி ஒட்டி வைக்காதீங்க. உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 1954ல பால் மீல்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர், அனுபவசாலியோட தீர்ப்பையும் சாதாரண கூட்டல் கழித்தல் ஃபார்முலாவையும் பக்கத்துல வச்சுப் பாத்த ஆராய்ச்சிங்களைச் சுமார் 20 சேத்து ஆராய்ஞ்சார், கைதி திரும்பத் தப்பு பண்ணுவானா, மாணவன் படிச்சு முடிப்பானா இந்த மாதிரி விஷயங்கள்ல. கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஃபார்முலா சமமா வந்துச்சு இல்லேன்னா முந்திருச்சு. காரணம் ஃபார்முலாவுக்கு அறிவு ஜாஸ்தின்னு இல்ல, அது திங்கக்கிழமை ஒரு மாதிரி வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி பேசாது. அதோட நம்ம மனசு பலிச்சதை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டு பலிக்காததை விட்டுரும், "நான் அப்பவே சொன்னேன்"னு சொல்றவங்க எத்தனை தடவை தப்பா சொன்னாங்கன்னு யாரும் எண்ணுறது இல்ல.

அதனால நான் சொல்றது இதுதான். ஒரு நோட்டு வாங்குங்க. மார்க்கெட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி உளுந்து எஃப்ஏக்யூ (நடுத்தரச் சரக்கு) இன்னிக்கு என்ன விலைக்கு முடியும், எஸ்க்யூ (உயர்ந்த தரச் சரக்கு) என்ன விலைக்கு முடியும்னு நீங்க ஒரு பக்கம் எழுதுங்க, உங்க மகன் லேப்டாப் சொல்றதை எதிர்ப்பக்கம் எழுதட்டும், சாயங்காலம் உண்மை விலையை நடுவுல எழுதுங்க. காரணத்தையும் ஒரு வரி எழுதணும், அதுதான் ரொம்ப முக்கியம். ஒரு சீசன் முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க, எந்த மாதிரி நாள்ல யாரு கிட்ட வந்தாங்கன்னு அதுலயே தெரிஞ்சு போகும். உங்க காரணங்கள்ல பாதி அவன் எக்ஸெல்ல புது கட்டமா ஏறும் பாருங்க.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு. கண்ணை போட்டோ எடுத்து கம்ப்யூட்டரே நோய் இருக்கா இல்லையான்னு சொல்லிடும், டாக்டர் வேண்டாம்னு சொல்றாங்க. நம்பலாமா? (மோல்மேன்)

அம்மா, முதல்ல ஒண்ணு, சுகர் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பாத்துக்கணும், கம்ப்யூட்டர் பாக்குதோ டாக்டர் பாக்கறாரோ, பாக்காம மட்டும் இருக்காதீங்க.

நீங்க கேட்ட விஷயத்துல நம்ம மதுரைக்கும் பங்கு இருக்கு. 2016ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் விழித்திரை போட்டோக்கள் 1,28,175 வச்சு ஒரு புரோகிராமுக்குப் பயிற்சி குடுத்தாங்க, போட்டோக்கள் அமெரிக்காவுலேருந்தும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி இடங்கள்லேருந்தும் வந்தது. சோதனை பண்ணிப் பாத்தா அது கண் டாக்டருங்க அளவுக்கு நல்லாவே சொல்லுச்சு. ஆனா செய்தியில போடாத ஒரு விஷயம், அந்த புரோகிராமுக்கு இது நோய் இது நோய் இல்லன்னு யாரு சொல்லிக் குடுத்தது? 54 கண் டாக்டருங்க உக்காந்து ஒவ்வொரு போட்டோவையும் 3 தடவையிலேருந்து 7 தடவை வரைக்கும் பாத்து தரம் பிரிச்சாங்க. ஒரே போட்டோவுக்கு டாக்டருக்கு டாக்டர் அபிப்பிராயம் மாறும்ங்கறதாலதான் அத்தனை தடவை. அத்தனை கண்ணு சேந்த கவனிப்புதான் அந்த டேட்டா, அது ஆகாசத்துலேருந்து விழலை.

அதுக்காக கம்ப்யூட்டர் நாம சொல்லிக் குடுத்ததை மட்டும்தான் ஒப்பிக்கும்னும் நினைச்சுடாதீங்க. 2018ல அதே குழுவைச் சேந்தவங்க விழித்திரை போட்டோவை மட்டும் பாத்து ஆளு ஆணா பெண்ணான்னு புரோகிராம் கண்டுபிடிக்குதுன்னு காமிச்சாங்க, வயசையும் சராசரியா மூணு மூணேகால் வருஷ வித்தியாசத்துல சொல்லுச்சு. ஆணா பெண்ணான்னு விழித்திரையைப் பாத்து சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது, அந்தப் படத்துல அது இருக்குங்கறதே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது! எனக்கு இதைப் படிச்சப்போ நிஜமாவே சிலிர்த்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல டாக்டருங்க பாத்துக்கிட்டே இருந்த ஒண்ணுல யாரும் பாக்காதது ஒளிஞ்சிருந்திருக்கு.

ஆனா நான் முதல்ல சொன்ன, நோயைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் நம்ம பக்கத்து நாடு தாய்லாந்துக்கு வந்தப்போ என்ன ஆச்சு பாருங்க. 2018, 2019ல 11 சின்ன க்ளினிக்குல வச்சுப் பாத்தாங்க. நர்ஸுங்க எடுத்த 1,838 போட்டோவுல 21 சதவீதத்தை "தெளிவா இல்ல"ன்னு கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிருச்சு, ஏன்னா லேப்ல வந்த போட்டோ நல்ல இருட்டறையில எடுத்தது, க்ளினிக்குல தனி இருட்டறை எங்க இருக்கு, அதே ரூம்ல இன்னொரு நோயாளிக்கும் வைத்தியம் நடக்குது, லைட்டை அணைக்க முடியல. இன்டர்நெட்டும் மெதுவா வந்துச்சு, வரிசையில ஜனங்க காத்துக்கிடந்தாங்க. போட்டோ தேறாதவங்களை வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டியதாச்சு, கூலி வேலைக்குப் போறவங்களுக்கு அது ஒரு நாள் சம்பளம் போன மாதிரி. இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னா ஆராய்ச்சி பண்றவங்க அந்த க்ளினிக்குல போயி மணிக்கணக்கா நர்ஸுங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாங்க, கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. புரோகிராமோட கணக்குல இது எதுவுமே இல்ல.

ஆக அம்மா, நம்பலாம், ஆனா "தெளிவா இல்ல"ன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, "ஒண்ணுமில்ல"ன்னு வந்தும் உங்களுக்குப் பார்வை மங்கற மாதிரி இருந்தா மெஷின் சொன்னதை விட உங்க கண்ணு சொல்றதை நம்பி டாக்டர் கிட்ட போங்க.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். போன வருஷம் மார்ச் 28 பூகம்பத்துக்கு அப்புறம் எல்லாரும் சாட்டிலைட் படம், டேட்டா மேப்னு பேசறாங்க. நேர்ல போய் பாக்கிறதுக்கு இனிமே என்ன வேலை இருக்கு? (மாந்தலே)

தம்பி, 2025 மார்ச் 28 மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. 7.7 அளவு, பர்மா நடுவுல வடக்கு தெற்கா பூமியில ஓடற ஸகாயிங் பிளவு 400 கிலோமீட்டருக்கு மேல நீளத்துக்குக் கிழிஞ்சு போச்சு. அந்த நீளத்தை நடந்து போயி அளக்கணும்னா மாசக்கணக்காகும், சாட்டிலைட் ரேடார் சில நாள்லயே நிலம் எங்க எவ்வளவு நகந்துச்சுன்னு படமா குடுத்துருச்சு. அதுக்கு மாத்தே கிடையாது.

ஆனா இந்த பூகம்பத்துல உலகமே முதல் தடவையா பாத்த ஒரு விஷயம் சாட்டிலைட்லேருந்து வரலை. தாசி பக்கம் ஒரு சோலார் மின் நிலையத்துல கேட்டைப் பாத்து வச்சிருந்த சாதாரண சிசிடிவி கேமராவுலேருந்து வந்துச்சு. பிளவுக்கோட்டுக்கு வெறும் 20 மீட்டர் தள்ளி அந்த கேமரா. நீங்களும் பாத்திருப்பீங்க, முதல்ல எல்லாம் ஆடுது, அப்புறம் நிலம் கிழிஞ்சு எதிர்ப்பக்கம் இருக்கிற பூமி மொத்தமா விலுக்குன்னு நகந்து போகுது. பூகம்பத்துல பூமி பிளந்து நகர்ற அந்த நொடியை நேரா பிடிச்ச வீடியோ அதுக்கு முன்னாடி இருந்ததில்ல. லட்சக்கணக்கானவங்க அதைப் பாத்து ஐயோன்னாங்க, அடுத்தவங்களுக்கு அனுப்பினாங்க.

ஜப்பான்ல க்யோட்டோ பல்கலைக்கழகத்துல ஜெஸ்ஸி கியர்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர். அவரும் அதே வீடியோவைத்தான் பாத்தார். ஆனா திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தவருக்கு ஒரு கட்டத்துல ஒண்ணு பட்டுச்சு, எதிர்ப்பக்கம் நேர்கோட்டுல நகரலை, லேசா வளைஞ்சு கீழ இறங்கி அப்புறம் போகுது. அவ்வளவுதான் கண்ணு செஞ்ச வேலை. அதுக்கப்புறம் அவரும் யோஷிஹிரோ கனேகோவும் வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா பிரிச்சு, ஒவ்வொரு புள்ளியும் எங்கேருந்து எங்க போச்சுன்னு கம்ப்யூட்டர் வச்சு அளந்தாங்க. 1.3 நொடியில 2.5 மீட்டர் நகர்ந்திருக்கு, உச்ச வேகம் நொடிக்கு 3.2 மீட்டர். இதைக் கண்ணால அளக்கவே முடியாது, கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு தம்பி. ஏன் அவரு கண்ணுக்கு மட்டும் அந்த வளைவு பட்டுச்சு? ஏற்கனவே பழைய பூகம்பங்கள் நடந்த இடத்துல பாறை மேல பாறை உரசின கீறல் நேரா இல்லாம வளைஞ்சு இருக்கிறதை அவரு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவர். கீறல் வளைஞ்சிருக்குன்னா நகர்றப்பவே வளைஞ்சுதான் நகந்திருக்கணும்னு ஒரு யோசனை மனசுல இருந்துச்சு, கண்ணு அதைத் தேடிக்கிட்டு இருந்துச்சு. பாறையைக் கிட்ட போய் பாத்த பழக்கம் இல்லேன்னா வீடியோவுல அது பட்டிருக்காது, பட்டிருக்கலேன்னா கம்ப்யூட்டர் கிட்ட "வளைவை அள"ன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

உங்க வேலைக்கு வந்தா, எந்தக் கட்டடம் விழுந்துச்சுன்னு மேலேருந்து தெரியும், ஏன் விழுந்துச்சுன்னு தெரியாது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டடம், ஒண்ணு நிக்குது ஒண்ணு படுத்துருச்சு, நீங்கதான் போயி தூண் உடைஞ்ச இடத்துல கம்பி எப்படி வளைஞ்சிருக்கு, வளையக் கம்பி எத்தனை இன்ச்சுக்கு ஒண்ணு கட்டியிருக்கு, கீழ்த்தளத்துல கடை வைக்க செவுரை எடுத்தாங்களான்னு பாக்கணும். இடிபாடை அள்ளி முடிச்சிட்டா அந்த டேட்டா திரும்ப வராது. இன்னும் அள்ளாத இடம் இருந்தா தயவுசெஞ்சு இப்பவே போங்க, போன்ல படம் எடுத்து, பக்கத்துல ஒரு அளவு டேப் வச்சு எடுங்க.

கேள்வி: அனுபவம்ங்கறதும் மூளைக்குள்ள இருக்கிற டேட்டாதானே, அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? (தாட்டோன்)

பெரிய வித்தியாசம், அனுபவம் இருக்கிறவனுக்கு எது வழக்கம்னு தெரியும், அதனால வழக்கம் இல்லாதது உறுத்தும். 1967ல கேம்ப்ரிட்ஜ்ல ஜோஸ்லின் பெல்னு ஒரு மாணவி, ரேடியோ டெலஸ்கோப்லேருந்து தினமும் 30 மீட்டர் நீளத்துக்கு வர்ற காகிதச் சுருளைக் கண்ணாலயே படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல அரை இன்ச் கூட வராத ஒரு கிறுக்கல், வழக்கமா வானத்துலேருந்து வர்ற சிக்னல் மாதிரியும் இல்ல, மனுஷன் போடற ரேடியோ இரைச்சல் மாதிரியும் இல்ல. விட்டுடாம தோண்டினாங்க, 1.33 நொடிக்கு ஒரு தடவை துடிக்கிற பல்சர் அது, அதாவது வேகமா சுத்திக்கிட்டே ரேடியோ துடிப்பு அனுப்பற ஒரு வகை நட்சத்திரம், உலகத்துல கண்டுபிடிச்ச முதல் பல்சர். எதைத் தேடணும்னு தெரிஞ்சிருந்தா புரோகிராம் எழுதலாம். இப்படி ஒண்ணு இருக்குங்கறதே தெரியாதப்போ என்னன்னு எழுதறது?

கேள்வி: என் மக சிங்கப்பூர்ல டேட்டா அனாலிட்டிக்ஸ் படிக்கிறா. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. அவ படிப்பைப் பத்தி அவ கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. (பெகு)

அம்மா, நீங்க பத்தாவது படிச்சாலே போதும், அவ கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு, யாரு எழுதினாங்க?" இதை ஒவ்வொரு தடவை போன் பேசறப்பவும் கேளுங்க, அவளுக்கு எரிச்சல் வந்தாலும் பரவாயில்ல.

ஏன் சொல்றேன்னா, 1990கள்ல அமெரிக்காவுல நிமோனியா நோயாளிங்கள்ல யாருக்கு ஆபத்து ஜாஸ்தின்னு கணிக்க புரோகிராம் பண்ணினாங்க, ரிச் கருவானாங்கறவர் அதுல வேலை செஞ்சவர். அதுல ஒண்ணு டேட்டாவைப் படிச்சுட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா, ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு நிமோனியா வந்தா சாகற ஆபத்து கம்மின்னு! எந்த நர்ஸைக் கேட்டாலும் இது தலைகீழ்னு சொல்லுவாங்க. டேட்டா பொய் சொல்லலை, நிஜமாவே அவங்கள்ல கம்மிப் பேர்தான் செத்தாங்க, ஏன்னா ஆஸ்துமாகாரர் நிமோனியாவோட வந்தாலே டாக்டருங்க நேரா ஐசியூவுக்குக் கொண்டு போயி தனி கவனிப்பு குடுத்தாங்க. அந்தக் கவனிப்பாலதான் பிழைச்சாங்கங்கறதை புரோகிராம் புரிஞ்சுக்கலை. அதை நம்பி "ஆஸ்துமாதானே, வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரொம்பத் துல்லியமா கணிச்ச மாடலையே இந்தக் காரணத்தால நோயாளிங்க கிட்ட கொண்டு போக வேண்டாம்னு நிறுத்தி வச்சாங்க.

இன்னொண்ணு. அன்டார்டிகாவுல ஹேலின்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சி நிலையம், 1950கள்லேருந்து தரையில நின்னு ஓசோனை அளந்துக்கிட்டு இருந்தாங்க. 1980கள் ஆரம்பத்துல அக்டோபர் மாச அளவு சரிஞ்சுக்கிட்டே வந்து, 300 டாப்சன் (ஓசோனை அளக்கிற அலகு) பக்கம் இருந்தது 200க்குக் கீழ போச்சு. ஜோ ஃபார்மனும் கூட இருந்த ரெண்டு பேரும் கருவி கெட்டுப் போச்சோன்னு வேற கருவி வச்சும் பாத்துட்டு 1985ல அறிவிச்சாங்க. அதே சமயத்துல நாசாவோட நிம்பஸ்-7 சாட்டிலைட் மேலேருந்து அதே இடத்தைப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா 180க்குக் கீழ வந்த அளவையெல்லாம் "சந்தேகத்துக்கு உரியது"ன்னு குறி போட்டு வைக்க அதோட புரோகிராம்ல எழுதியிருந்தாங்க, அவ்வளவு கம்மியா இருக்க முடியாதுன்னு நினைச்ச மனுஷங்க எழுதின வரி அது. சாட்டிலைட் டேட்டாவையும் சரிபாத்தப்புறம் தெரிஞ்சுது, ஓசோன் படலத்துல விழுந்த அந்த ஓட்டை அன்டார்டிகா அளவுக்கு விரிஞ்சு கெடந்துச்சு. தரையில இருந்தவங்களால அந்த அகலத்தைப் பாத்திருக்கவே முடியாது. ஓசோனைக் கெடுக்கிற ரசாயனங்களைக் குறைக்க 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததுக்கு ரெண்டுமே வேண்டியிருந்துச்சு.

உங்க மக நாளைக்கு ஒரு டேட்டாவை சுத்தம் பண்றேன்னு ஒத்து வராத வரிசையை டிலீட் பண்ணப் போறப்போ இந்த ரெண்டு கதையும் அவ மனசுல இருக்கட்டும்.

கேள்வி: எங்க தாத்தா வானத்தைப் பாத்தே மழை வருமா காத்து வருமான்னு சொல்லுவார். இப்ப எல்லாரும் ஆப் பாக்கறாங்க. பழைய அறிவு அழிஞ்சு போகுதேன்னு வருத்தமா இருக்கு. (பதேய்ன் பக்கம், டெல்டா)

உங்க வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் கம்ப்யூட்டர் பக்கம்தான் நிப்பேன், கொஞ்சம் கூட விட்டுக் குடுக்க மாட்டேன். 2008 மே 2, நர்கிஸ் புயல். டெல்டாவுல இருக்கிற உங்களுக்கு அதைப் பத்தி நான் எழுதறதுக்கே கூச்சமா இருக்கு. செத்தவங்களும் காணாம போனவங்களுமா சுமார் 1,38,000 பேர். அந்தப் புயல் முதல்ல வேற பக்கமா வடமேற்கே போய்க்கிட்டு இருந்து, அப்புறம் கிழக்கே திரும்பி நேரா பர்மாவுக்கு வந்துச்சு. நடுக்கடல்ல அது திரும்பினதைக் கரையில நிக்கிற எந்தக் கண்ணும் பாத்திருக்க முடியாது. சாட்டிலைட் பாத்துச்சு, கணக்கு போட்டுச்சு, இந்திய வானிலைத் துறை ரெண்டு நாள் முன்னாடியே எச்சரிக்கை குடுத்ததா சொல்லுச்சு. ஜனங்களைக் கொன்னது பெரும்பாலும் காத்து இல்ல, கடல் தண்ணி, சில இடத்துல ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏறி வந்துச்சு. கருமேகம் பாத்துட்டு "வழக்கமான மழைக்காத்துதான்"னு வீட்டுக்குள்ளயே இருந்தவங்க எத்தனை பேர்!

இப்ப கணிப்பு இன்னும் முன்னேறியிருக்கு. 2023ல கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட்ங்கற புரோகிராம் சுமார் நாப்பது வருஷ வானிலைப் பதிவைப் படிச்சுட்டு அடுத்த 10 நாளுக்கான உலக வானிலையை ஒரு நிமிஷத்துக்குள்ள போடுது. தாத்தாவோட அறிவை எழுதி வைங்க, சின்ன மழைக்கு, நாத்து நடற நாளுக்கு, படகு எடுக்கிற நேரத்துக்கு அது அருமையான அறிவு, ஒரு ஊருக்குள்ள காத்து எந்த மரத்துப் பக்கமா திரும்பும்னு ஆப்புக்குத் தெரியாது. ஆனா புயல் எச்சரிக்கைன்னு ஒண்ணு வந்துட்டா வானம் பளிச்சுன்னு இருந்தாலும் கெளம்பிடணும்.

கேள்வி: கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைங்க எதைக் கேட்டாலும் போனை எடுத்துத் தேடறாங்க. கவனிச்சு யோசிக்கிற பழக்கத்தை எப்படிக் கொண்டு வர்றது? (ரங்கூன்)

டீச்சர், போனைப் பிடுங்காதீங்க, போன்ல இல்லாத ஒரு கேள்வியைக் குடுங்க. ரங்கூன் ஆத்துல கடல் ஏத்த இறக்கம் நல்லா தெரியும், பொட்டடாங் பக்கம் படித்துறையில ஒரு படியை அடையாளம் வச்சுக்கிட்டு தண்ணி எத்தனையாவது படி வரைக்கும் வந்துச்சுன்னு பிள்ளைங்க முறை வச்சு தினமும் ஒரே நேரத்துல எழுதட்டும், பக்கத்துல அன்னிக்கு நிலா எப்படி இருந்துச்சுன்னு ஒரு வட்டம் வரையட்டும். ஒரு பௌர்ணமியும் ஒரு அமாவாசையும் கடந்ததுக்கு அப்புறம் அட்டவணையைப் பாத்து அவங்களே ஏதாவது சொல்லட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. அதுக்குப் பிறகுதான் துறைமுகத்தோட ஏத்த இறக்க அட்டவணையை போன்ல எடுத்து வச்சு அவங்க எழுதினதோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லணும். ரெண்டும் சரியா ஒத்துப் போகாது, மழைக்காலத்துல மேலேருந்து வர்ற வெள்ளம் சேந்துக்கும், சில நாள் பிள்ளைங்களே தப்பா எழுதியிருப்பாங்க. எது எதனாலன்னு அவங்களே சண்டை போட்டுப் பிரிக்கட்டும், அந்தச் சண்டைதான் பாடம். ஆத்தங்கரையில படி வழுக்கும், பெரியவங்க ஒருத்தர் கட்டாயம் கூட நிக்கணும்.